கண்டது 34, இருப்பது எத்தனை?

புள்ளிவிபரவியல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பேரே வாவியின் சிறு தீவில் உள்ள மரங்களில் தங்கும் நீர்க்காகங்களைக் கரையில் ஒரே இடத்தில் நின்று ஐந்து காலைகள் எண்ணினோம். 31, 36, 28, 39, 34 என்று வந்தன. உண்மையில் எத்தனை பறவைகள் இருக்கும்? ஒருவர் 39 என்கிறார், இன்னொருவர் சராசரியை எடுத்து 34 என்கிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஏதோ கணக்குப் போட்டு 74 என்கிறார். யார் சொல்வது சரி?
– கொம்பனித்தெரு வாசகர்

பதில்: 39 என்பது கீழெல்லை. மொத்தத் தொகை அதற்குக் குறையாது என்பதைத் தவிர அந்த எண் வேறெதையும் சொல்லவில்லை. 34 என்பவர், கண்ணிற்படாத பறவையே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார். அது உண்மையானால் ஐந்து காலையும் ஒரே எண் அல்லவா வந்திருக்கும்? நீர்க்காகம் மூழ்கி இரை தேடும் பறவை. நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே சில தண்ணீருக்குள் இருக்கும், சில இலைகளுக்குப் பின்னால் இருக்கும்.

தம்பியின் 74 எப்படி வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள ஒரு பறவை உங்கள் எண்ணிக்கையில் அகப்படும் நிகழ்தகவைக் காண்தகவு என்போம். பறவைகள் ஒன்றையொன்று சாராமல் அகப்பட்டால், ஒவ்வொரு காலை எண்ணிக்கையும் ஈருறுப்புப் பரம்பலைப் பின்பற்றும். அதன் சராசரி தொகை × காண்தகவு. மாறற்றிறன் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) அந்தச் சராசரியை (1 − காண்தகவு) ஆல் பெருக்க வருவது. ஆகவே மாறற்றிறனைச் சராசரியால் வகுத்தால் (1 − காண்தகவு) கிடைத்துவிடும். உங்கள் சராசரி 33.6. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 73.2, அதை 4ஆல் வகுத்தால் 18.3. 18.3 ÷ 33.6 = 0.545. எனவே காண்தகவு 0.455, தொகை 33.6 ÷ 0.455 = 73.8. கணக்கில் பிழை இல்லை.

ஆனால் நான்காம் நாள் 39க்குப் பதில் 41 என்று எண்ணியிருந்தால்? சராசரி 34, மாறற்றிறன் 24.5, தொகை 122. இரண்டே பறவை கூடியதற்கு விடையில் 48 கூடிவிட்டது. அதே நாள் 44 வந்திருந்தால் மாறற்றிறன் 36.8 ஆகிச் சராசரியான 34.6ஐத் தாண்டிவிடும், காண்தகவு மறையெண்ணாகி, கணக்கே நின்றுவிடும். இது உங்கள் தரவின் குறை அல்ல. 1981இல் ஒல்கின், பெட்காவ், ஸிடெக் என்ற புள்ளிவிபரவியலாளர்கள் மூவரும் இதையே காட்டினார்கள். 16, 18, 22, 25, 27 என்ற ஐந்து எண்களுக்கு உச்ச நிகழ்தகைமை முறை (கண்ட தரவு வரும் வாய்ப்பை மிகக் கூட்டும் தொகையைத் தேடும் முறை) 99 என்று விடை தந்தது. 27ஐ 28 ஆக்கியதும் 190 என்றது. அந்த எண்கள் பிறந்த உண்மைத் தொகையோ 75.

காரணம் எளிது. 60 பறவைகளில் பாதிக்குச் சற்று மேல் கண்ணிற்பட்டாலும் சராசரி 34 வரும், 340 பறவைகளில் பத்தில் ஒன்று கண்ணிற்பட்டாலும் அதே 34 வரும். இரண்டையும் பிரித்துக்காட்ட எண்ணிக்கைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றுதான் இருக்கிறது. ஐந்து எண்களிலிருந்து அந்த ஏற்ற இறக்கத்தை நம்பத்தகுந்தபடி அளக்க முடியாது.

பேயிஸ் முறையின் பயன் இங்கேதான். அது ஒரு தனி எண்ணைத் தூக்கித் தராமல், ஒவ்வொரு தொகைக்கும் எவ்வளவு நிகழ்தகவு என்று முழுப் பரம்பலையும் தருகிறது. எக்செல் போதும். முதல் நிரலில் 39 முதல் 5,000 வரை தொகைகளை இறக்குங்கள். ஒவ்வொரு நிரையிலும் செய்ய வேண்டியவை இவை. அந்தத் தொகையிலிருந்து 31, 36, 28, 39, 34 ஆகியவற்றைத் தெரிவுசெய்யும் சேர்மானங்களின் இயற்கை மடக்கைகளைக் கூட்டுங்கள். காமாச் சார்பின் மடக்கையைத் தரும் சார்பு எக்செல்லில் உண்டு. காரணியங்களை அதன் மூலம் எடுங்கள், நேரடியாகப் பெருக்கப் போனால் எண் வழிந்துவிடும். அடுத்தது காண்தகவு. அதைப் பற்றி எதுவும் தெரியாது, 0 முதல் 1 வரை எதுவும் ஆகலாம் என்று கொண்டு தொகையீடு (integration) செய்தால் (எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை 168), மடக்கைக் காமா (169) + மடக்கைக் காமா (5 × தொகை − 167) − மடக்கைக் காமா (5 × தொகை + 2) என்ற உறுப்பு வரும். அதையும் கூட்டுங்கள். கடைசியாகத் தொகையின் மடக்கையைக் கழியுங்கள். இது தொகைக்கான முன்னறிவு, அதாவது தரவைப் பார்க்குமுன் நாம் கொள்ளும் எடுகோள்: தொகை பெருகப் பெருக அதன் நிறை அதே விகிதத்தில் குறையும் என்பது. பிறகு நிரலின் மிகப் பெரிய பெறுமானத்தை எல்லா நிரைகளிலிருந்தும் கழித்து, அடுக்குக்குறி எடுத்து, மொத்தத்தால் வகுத்தால் நிகழ்தகவுகள் வந்துவிடும். தரவு அதிகமாக இருக்கும்போது மிகப் பெரியதைக் கழிக்க மறந்தால், எல்லா நிரைகளும் ஒன்றாகப் பூச்சியமாகவோ அளவு மீறியோ போய்விடக்கூடும். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அது.

உங்கள் ஐந்து எண்களுக்கு வரும் விடை: ஆகாரம் (மிகக் கூடிய நிகழ்தகவுள்ள தொகை) 50ஐ ஒட்டி, இடையம் (நிகழ்தகவைச் சரிபாதியாகப் பிரிக்கும் தொகை) ஏறத்தாழ 86. தொகை 100க்கு மேல் இருக்க ஏறத்தாழ 42 வீத நிகழ்தகவு, 200க்கு மேல் இருக்க 20 வீதம், 500க்கு மேல் இருக்கக்கூட ஏறத்தாழ 7 வீதம். அதாவது ஐந்து காலை நின்று எண்ணியதிலிருந்து உங்களுக்குத் தெரியவந்தது இவ்வளவுதான். ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் நேர்மையான விடை இதுவே. 74 என்ற ஒற்றை எண் இந்த அறியாமை அனைத்தையும் மூடி மறைக்கிறது.

இங்கே சராசரியைக் கேட்காதீர்கள். இந்தப் பரம்பலின் வால் தொகையின் வர்க்கத்துக்கு நேர்மாறாகவே தேய்கிறது, ஆகவே அதற்கு முடிவுள்ள சராசரி கிடையாது. எக்செல் ஒரு சராசரியைக் காட்டும். நிரலை நீட்ட நீட்ட அந்த எண்ணும் நீண்டுகொண்டே போகும். இடையத்தையும் வீத எல்லைகளையும் மட்டும் எழுதுங்கள்.

எல்லாத் தொகைக்கும் சம நிறை கொடுப்பதுதான் நடுநிலை என்று சிலர் தொகையின் மடக்கையைக் கழிக்காமல் விடுகிறார்கள். அப்போது வால் ஒருபோதும் கூட்டி முடியாது, பரம்பலே இல்லை. நிரலை எங்கே நிறுத்துகிறோமோ அதுதான் விடையைத் தீர்மானிக்கும். இதே தரவில் 1,000இல் நிறுத்தினால் இடையம் ஏறத்தாழ 190, 10,000இல் நிறுத்தினால் 500ஐத் தாண்டும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. யாராவது இப்படியொரு முடிவைக் கொண்டுவந்தால் முதலில் மேலெல்லையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். விடை அசைந்தால் அது தரவு சொன்ன விடை அல்ல.

இனிப் பயனுள்ள பகுதிக்கு வருவோம். ஆறாம், ஏழாம் காலைகள் எண்ணுவதைவிட, காண்தகவை நேரடியாக அளக்க ஒரு காலையைச் செலவிடுவது பல மடங்கு பயன் தரும். இரண்டாவது ஆள் ஒருவர் வேறு பக்கத்திலிருந்து தீவைப் பார்க்கட்டும். இருவரும் மரங்களின் ஒரே மாதிரியான கோட்டுப் படத்தில், ஒரே பத்து நிமிடத்தில், பேசிக்கொள்ளாமல் பறவைகளைக் குறிக்கட்டும். பிறகு படங்களை ஒப்பிடுங்கள். இரண்டாமவர் குறித்த 40 பறவைகளில் உங்கள் ஆளும் குறித்தவை 24 என்று வைப்போம். அப்போது மேற்சொன்ன காண்தகவு உறுப்பில் 169க்குப் பதில் 193, அடுத்ததில் (5 × தொகை − 151), கடைசியில் (5 × தொகை + 42) என்று மாற்றுங்கள். வேறெதையும் தொட வேண்டாம். விடை எப்படிச் சுருங்குகிறது பாருங்கள்: இடையம் 57, 90 வீத எல்லை ஏறத்தாழ 48 முதல் 73 வரை. 500ஐப் பற்றிய பேச்சே இல்லை.

இதிலும் மூன்று இடங்களில் கவனம் தேவை. இருவருக்குமே தெரியாத அடர்ந்த கிளையில் உள்ள பறவை எந்தப் படத்திலும் வராது. அதனால் காண்தகவு கூடுதலாகவும் தொகை குறைவாகவும் வரும். இரண்டு பார்வை இடங்களும் எவ்வளவு எதிரெதிராக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. இரண்டாவது, மழைக்காலையும் வெயில்காலையும் கலந்தால் காண்தகவு நாளுக்கு நாள் மாறி ஏற்ற இறக்கம் கூடும். மாதிரி அதைக் குறைந்த காண்தகவு என்று விளங்கிக்கொண்டு தொகையை ஊதிவிடும். ஒரே நேரம், ஒரே இடம், ஒத்த வானிலை என்று கட்டுப்படுத்துங்கள். மூன்றாவது, ஐந்து காலைகளும் அடுத்தடுத்து வர வேண்டும். மாதம் ஒன்றாக எண்ணினால் தொகையே மாறியிருக்கும், ஒரே தொகை என்ற அடிப்படை உடைந்துவிடும். விடியுமுன் இரை தேடிப் பறந்துவிட்ட பறவைகளும் இந்தத் தொகையில் இல்லை. அறிக்கையில் ‘காலை ஆறரைக்குத் தீவில் இருந்தவை’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஒழுங்கைகளில் கட்டாக்காலி நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டோம். போட்ட 60 நாய்களுக்கும் முதுகில் வண்ணம் அடித்தோம். மறுநாள் சுற்றியபோது 48 நாய்களைக் கண்டோம், அவற்றில் 20இல் வண்ணம் இருந்தது. இன்னும் எத்தனை ஊசி வாங்க வேண்டும்?
– மட்டக்குளி வாசகி

பதில்: நீங்கள் செய்தது எண்ணுவதைவிட ஒரு படி மேலான வேலை. வண்ணமிட்ட 60இல் 20ஐ மறுநாள் கண்டீர்கள் என்பதே காண்தகவைச் சொல்லிவிடுகிறது. நேர்க்கணக்கு 60 × 48 ÷ 20 = 144. பேயிஸ் முறையில் எல்லாத் தொகைக்கும் சம நிறை கொடுத்தால் (முந்தைய கேள்வியில் ஆபத்தான அதே முன்னறிவு, மறுபடி கண்டவை போதிய அளவு இருப்பதால் இங்கே பாதுகாப்பானது) பரம்பலின் சராசரிக்கு எளிய சூத்திரம் உண்டு: (60 − 1) × (48 − 1) ÷ (20 − 2) = 154. நியம விலகல் 24.5. பரம்பல் வலப்பக்கம் நீண்டிருப்பதால் தொகை 200 வரை இருக்கவும் இடமுண்டு.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இலக்கு 70 வீதம். தொகை 154 என்றால் 108 நாய்கள், 60 போக இன்னும் 48 ஊசி. தொகை 200 என்றால் 140 நாய்கள், இன்னும் 80 ஊசி. எங்கள் பரிந்துரை 80. மிஞ்சும் ஊசியைக் குளிரில் வைத்து அடுத்த ஒழுங்கைக்குக் கொண்டுபோகலாம். குறைந்துபோனால் எந்த நாய் விடுபட்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் குறிப்பில் அன்று இரவு மழை பெய்தது என்று எழுதியிருந்தீர்கள். வண்ணம் கழுவப்பட்டதா என்று நிச்சயமாகப் பார்க்க வேண்டும். உண்மையில் கண்ட வண்ண நாய்கள் 20 ஆக இருந்து, ஐந்தின் வண்ணம் போய் நீங்கள் 15 என்று எழுதியிருந்தால் அதே சூத்திரம் 213 என்று காட்டியிருக்கும். அடையாளம் அழிவது எப்போதும் தொகையைக் கூட்டியே காட்டும். வீட்டு நாய்க்கும் வண்ணமடித்து, வீட்டார் அதை மறுநாள் உள்ளே கட்டிவைத்தால் அதே விளைவு. நேற்றுப் பிடித்த ஆட்களைக் கண்டு நாய்கள் ஒளிந்தாலும் அப்படியே. ஆகவே மறுநாள் சுற்றுபவர்கள் வேறு ஆட்களாக இருக்கட்டும், கையில் வலை வேண்டாம். மறுபக்கம், இரண்டு நாளும் யார் கண்ணிலும் படாத பயந்த நாய்கள் தொகையைக் குறைத்துக் காட்டும். அதற்கு மருந்து, விடியற்காலையிலும் இரவிலும் ஒவ்வொரு சுற்று. குட்டிகளைத் தனி நிரலில் எழுதுங்கள்.

மறுபடி கண்ட வண்ண நாய்கள் பத்துக்குக் குறைந்தால் சூத்திரத்தை நம்பாமல் இன்னொரு சுற்றுப் போங்கள். மூன்றாக இருந்தால் நியம விலகலே கிடையாது, இரண்டாக இருந்தால் சராசரியும் கிடையாது.

கேள்வி: முன்னறிவு என்று நாமே ஒன்றைப் புகுத்திவிட்டு விடை எடுப்பது ஏமாற்று இல்லையா? உயர்தரப் பாடத்தில் பேயிசின் தேற்றம் படித்தபோதே இந்தச் சந்தேகம் இருந்தது.
– கொட்டாஞ்சேனை மாணவர்

பதில்: மறைத்துப் புகுத்தினால் ஏமாற்று, எழுதிப் புகுத்தினால் எடுகோள். சராசரியை விடையாக எடுத்த 34காரரும் காண்தகவு 1 என்று ஒரு முன்னறிவைப் புகுத்தினார், அதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டிய சோதனை ஒன்று. முன்னறிவை மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். நாய்க் கணக்கில் விடை சிறிதே அசையும், அங்கே தரவுக்குப் பலம் இருக்கிறது. நீர்க்காகக் கணக்கில் முதல் சுற்றில் விடை பெரிதாக அசைந்தது, அங்கே பேசியது முன்னறிவு. எது எங்கே என்று பிரித்துக்காட்டுவது இந்த முறையின் பெரிய பலம் என்று நாங்கள் கருதுகிறோம்.

இது புதிய வழக்கமும் அல்ல. பிரான்சின் மக்கள்தொகையைக் கணிதவியலாளர் லாப்லாஸ் இப்படித்தான் மதிப்பிட்டார். 1802 செப்டெம்பர் 22ஆம் திகதியை வைத்து, 30 மாவட்டங்களில் தெரிந்தெடுத்த ஊர்களில் 2,037,615 பேர் எண்ணப்பட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே பதிவான பிறப்புகள் 215,599. ஆண்டுக்கு ஒரு பிறப்புக்கு 28.35 பேர். நாட்டின் ஆண்டுப் பிறப்புகளை அதால் பெருக்கினார். அதோடு நில்லாமல், விடை எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கும் நிகழ்தகவு கணித்தார். நாம் இங்கே பேசுவது அந்த இரண்டாவது படியைத்தான்.

கேள்வி: குலுக்கல் சீட்டுகள் எத்தனை அச்சிட்டார்கள் என்று விழாக்குழு சொல்ல மறுக்கிறது. தெரிந்தவர்கள் நால்வரிடம் உள்ள சீட்டுகளில் பெரிய இலக்கம் 312. மொத்தத்தை ஊகிக்க முடியுமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: முடியும். சம நிறை முன்னறிவில் சராசரி (312 − 1) × (4 − 1) ÷ (4 − 2) = 466.5. ஆனால் நான்கு சீட்டு மிகக் குறைவு: 95 வீத மேலெல்லை 843 வரை போகும். இன்னும் ஆறு சீட்டு கிடைத்தால் எல்லை நன்றாகக் கிட்ட வரும்.

இரண்டாம் உலகப்போரில் நேசநாடுகள் ஜேர்மனியின் தாங்கி உற்பத்தியை இதே வழியில், கைப்பற்றிய தாங்கிகளின் தொடரிலக்கங்களிலிருந்து மதிப்பிட்டன. 1942 ஓகஸ்டுக்கு இலக்கக் கணக்கு 327 என்றது, உளவுத் தகவல் 1,550 என்றது. போருக்குப் பின் கிடைத்த பதிவேட்டில் இருந்தது 342.

உங்கள் நால்வரும் ஒரே புத்தகத்திலிருந்து அடுத்தடுத்து வாங்கியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அது நான்கு சீட்டு அல்ல, ஒரு சீட்டுக்குச் சமம். இலக்கம் 1இல் தொடங்கியதா, 101இலா, 1001இலா என்பதையும் கேட்டறியுங்கள்.

கேள்வி: ஈரநிலம் ஒன்றில் மீன்பிடிப் பூனை இருக்கிறதா என்று பத்து இரவுகள் கமெரா வைத்தோம். ஒன்றும் பதிவாகவில்லை. இல்லை என்று எழுதலாமா?
– நுகேகொடை வாசகர்

பதில்: எழுத வேண்டாம். கொழும்பின் ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனை வாழ்வது தெரிந்த விடயம், ஆகவே ‘இருக்கலாம்’ என்பதற்குப் பாதிக்குப் பாதி நிகழ்தகவு கொடுத்துத் தொடங்குவது மிகையல்ல. பூனை ஒன்று இருந்து, ஓர் இரவில் அது கமெராவில் அகப்படும் நிகழ்தகவு 0.2 என்றால், பத்து இரவும் தப்புவதற்கு 0.8இன் பத்தாம் அடுக்கு, அதாவது 0.107. பேயிசின் தேற்றப்படி இன்னமும் இருக்கும் நிகழ்தகவு 0.107 ÷ 1.107, கிட்டத்தட்ட 10 வீதம். ஓர் இரவுக்கு 0.05 மட்டுமே என்றால் அதே பத்து வெற்று இரவுகளுக்குப் பிறகும் 37 வீதம்.

அந்த 0.2ஆ 0.05ஆ என்பதைத் தீர்மானிப்பது கமெராவை வைக்கும் இடம். பூனை இருப்பது உறுதியான வேறொரு ஈரநிலத்தில், இதே உயரத்தில், இதே போன்ற கால்வாய் ஓரத்தில் இருபது இரவுகள் வைத்து எத்தனை இரவில் அகப்படுகிறது என்று பாருங்கள். பிறகு பூனை இருக்கும் நிகழ்தகவை 1 வீதத்துக்குக் கீழே கொண்டுவர மொத்தம் எத்தனை வெற்று இரவு வேண்டும் என்பது நேர்க் கணக்கு: ஓர் இரவுக்கு 0.2 என்றால் 21 இரவுகள், 0.05 என்றால் 90.